பாவு எடுத்த பிறகு ஊஞ்சல்

எனக்குக் காத்திருக்க வராது. பேருந்து தாமதமானால் அடுத்த நிறுத்தம்வரை நடந்துவிடுவேன். அடுப்பில் பாலை வைத்துவிட்டு நடுவில் போய் ஒரு ஜாக்கெட்டுக்குக் கொக்கி வைத்துக்கொண்டிருப்பேன். திரும்பி வருவதற்குள் பால் வழிந்திருக்கும். பிள்ளையார்பாளையத்தில் எங்கள் தெருவில் ஏறக்குறைய எல்லா வீட்டிலும் தறி உண்டு. என் வீட்டுக்காரரும் நெசவுதான். தறிச் சத்தத்தோடு தையல் மெஷின் சத்தமும் கேட்கிற வீடு எங்களுடையது. கல்யாணப் புடவை எடுக்க வருகிறவர்கள் அன்றைக்கே ஜாக்கெட்டும் வேண்டும் என்று நிற்பார்கள். அவர்கள் அவசரத்துக்கு நான்தான் சரியான ஆள்.

பையனும் என்னைத்தான் கொண்டிருக்கிறான். ஆறு வயது ஆகப்போகிறது, பேச்சு வரவில்லை. மருத்துவமனையில் அதற்கு ஒரு பெயர் சொன்னார்கள். அந்தப் பெயர் தெரிந்ததால் எங்கள் வீட்டில் எதுவும் மாறவில்லை என்பதால் இங்கே அதை எழுதவில்லை. வாசலுக்கும் கொல்லைக்கும் ஓடிக்கொண்டே இருப்பான். ஓட்டம் அடங்காத நாட்களில் சுவரில் தலையை இடித்துக்கொள்வான். ஆடினால் மட்டும் அடங்குவான். கைக்குழந்தையில் என் பழைய புடவையில் தூளி கட்டிப் போட்டிருந்தோம். அதிலேயே கிடந்து பழகியவன் இன்னும் அதில்தான் போய் விழுவான். கால் இரண்டும் தரையில் இழுபடும். தூளி தொங்கிய வளையம் உத்தரத்தில் ஆட்டம் கண்டுவிட்டது. பக்கத்திலேயே தறி. ஒருநாள் வளையம் பிடுங்கிக்கொண்டு வந்தால் பையனும் போவான், தறியும் போகும் என்று என் வீட்டுக்காரர் சொல்லிக்கொண்டே இருப்பார்.

பெரிய பூங்காவில் ஊஞ்சல் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. இரும்புச் சங்கிலி ஊஞ்சல். அது கிரீச்சிடும்போது இவன் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு தரையில் உருளுவான். சுற்றி நிற்கிறவர்கள் என்னைப் பார்க்கிற பார்வை இருக்கிறதே, அதற்காகவே நான் அந்தப் பக்கம் போவதை விட்டேன்.

எங்கள் தெருக்கோடியில் ஒரு காலி இடம் இருந்தது. முள்செடியும் உடைந்த பாட்டிலுமாகக் கிடந்தது. இரண்டு வருடத்துக்கு முன் நாங்கள் சில பெண்கள் சேர்ந்து அதைச் சுத்தம் செய்யத் தொடங்கினோம். முதலில் ஆரம்பித்தது நான்தான் என்று பெருமைக்காகச் சொல்லவில்லை. சும்மா இருக்க முடியாமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை கடப்பாரையோடு போய்விட்டேன், மற்றவர்கள் பின்னால் வந்தார்கள். ஆண்களும் வந்தார்கள், ஆனால் அவர்களுக்கு ஒரு கணக்கு இருந்தது. தெருவில் பாவு போட முடியாமல் அவர்கள் திண்டாடிக்கொண்டிருந்தார்கள். புடவையின் நீளவாட்டு நூல்தான் பாவு. அதைத் தறியில் ஏற்றும் முன் காலையில் நீளமாக நீட்டிக் கட்டி, கஞ்சி தெளித்து, இழை பிரித்து உலர்த்த வேண்டும். அந்த நேரத்தில் தெருவை அடைத்துக்கொண்டு கார் வந்தால் என்ன செய்வது? அதனால் ஒரு உடன்படிக்கை போட்டுக்கொண்டோம். காலையில் இடம் பாவுக்கு. பாவை எடுத்த பிறகு பிள்ளைகளுக்கு. இதில் யாருக்கும் குறையில்லை.

சுவருக்கு நாங்களே வெள்ளையடித்தோம். பழைய டயர்களைப் பாதி புதைத்து வண்ணம் பூசினோம். பிறகு சென்னைச் சாலைப் பக்கம் இருக்கும் ஒரு கம்பெனியின் சமூகப் பொறுப்பு நிதி எங்களுக்குக் கிடைத்தது. மக்களே முன்வந்து செய்கிற விளையாட்டுத் திடல்களுக்கு உதவுகிறார்களாம். எழுதிப் போட்டோம், ஒப்புக்கொண்டார்கள். முதல் தவணையில் சறுக்குமரமும் ஊஞ்சல் கம்பமும் வந்தன. இரண்டு பக்கமும் கம்பம், மேலே குறுக்குக் கம்பி, அவ்வளவுதான். ஊஞ்சலும் விளக்கும் இரண்டாம் தவணையில் வருமாம். இப்படிப் பிரித்தவர் பிள்ளை வளர்த்தவராக இருக்க முடியாது.

அந்த இரண்டாம் தவணையில்தான் என் உயிர் இருந்தது. சங்கிலி வேண்டாம், கயிற்றில் தொங்குகிற கூடை ஊஞ்சல் வேண்டும் என்று கேட்டிருந்தேன். அதன் படத்தை ஒரு டாக்டரம்மா போனில் காட்டியிருந்தார். பிள்ளையைச் சுற்றி அணைத்தாற்போல் இருக்கும், சத்தம் வராது. கம்பெனியில் சரி என்றார்கள். அதுவரை கம்பத்தில் நாங்களாக எதையும் மாட்டக் கூடாது, மாட்டினால் மீதி நிதி வராது என்று எங்களிடம் கையெழுத்தும் வாங்கிக்கொண்டார்கள். ஆக, வெறும் கம்பத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். பையன் தினம் அங்கே ஓடிப் போய்க் கம்பத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு தானே முன்னும் பின்னும் ஆடுவான். எனக்கு அதைப் பார்க்கப் பொறுக்காது.

கம்பம் சும்மா நிற்பதைப் பார்த்த நெசவாளர்கள் பாவின் ஒரு முனையை அதில் கட்டத் தொடங்கினார்கள். நல்ல உறுதியான கம்பம், அவர்களை என்ன சொல்ல முடியும்? எனக்கு மட்டும் ஒவ்வொரு காலையும் அதைப் பார்த்து வயிறு எரியும்.

ஒருநாள் கம்பெனியிலிருந்து பார்வையிட வருவதாகச் சொன்னார்கள். காலையிலேயே வந்துவிடுவதாகவும் சொன்னார்கள். தெருவே பரபரத்தது. திடல் முழுக்கப் பெருக்கி வாசலில் கோலம் போட்டோம். எதிர்வீட்டு அண்ணன் ஒரு கல்யாணப் பாவு வைத்திருந்தார், அசல் அரக்குச் சிவப்பு. அவரது சொந்தப் பாவு, முதலாளி கொடுத்தது இல்லை. நாள் கணக்கில் உள்ளேயே வைத்திருந்ததை அன்றைக்குப் போடலாம் என்றார். எல்லோருக்கும் அது சரியென்று பட்டது. முதல்முதலாக வருகிறவர்கள் கண்ணில் வெறும் தரையா படுவது? நல்ல காரியத்துக்கு வருகிறவர் முன்னால் இருப்பதிலேயே நல்ல பாவை நீட்டி வைப்பதைவிடப் பெரிய மரியாதை எங்களுக்குத் தெரியாது. என் வீட்டுக்காரர்தான் ஒரு முனையைக் கம்பத்தில் இழுத்துக் கட்டினார்.

பாவு கிடக்கும்போது எங்கள் பிள்ளைகள் கிட்டே போக மாட்டார்கள். தாண்ட மாட்டார்கள், ஓட மாட்டார்கள், புழுதி கிளப்ப மாட்டார்கள். நடக்கப் பழகும்போதே அது வந்துவிடும். அன்றும் தலைசீவிப் பொட்டு வைத்துக்கொண்டு மதில்மேல் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். என் பையன் ஒருவன்தான் உட்காராதவன். அவன் கையை நான் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன், என் மணிக்கட்டைக் கடித்துக்கொண்டிருந்தான்.

கம்பெனியிலிருந்து வந்தவள் சின்னப் பெண். மரியாதையான பெண், யாரையும் கடிந்து பேசவில்லை. பாவைப் படம் எடுத்தாள், கஞ்சி தெளிப்பதைப் படம் எடுத்தாள், ஆளில்லாத சறுக்குமரத்தைப் படம் எடுத்தாள். கம்பத்தில் கட்டியிருந்த முனையைக் கிட்டே போய் எடுத்தாள். பிள்ளைகள் ஏன் விளையாடவில்லை என்று கேட்டாள்.

எதிர்வீட்டு அண்ணன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னார். "பாவு கெடக்க சொல்ல எங்க புள்ளைங்க கால வைக்காதுங்க மேடம். அப்டி வளத்துக்கினு வர்றோம்."

அவள் அதைக் குறித்துக்கொண்டாள். புகழ்ச்சியாகத்தான் குறித்துக்கொள்கிறாள் என்று நினைத்தோம். காபி கொடுத்து, சீவலும் வெற்றிலையும் வைத்து அனுப்பினோம். அன்று ராத்திரி தெருவில் எல்லோருக்கும் நல்ல தூக்கம்.

சில வாரம் கழித்து அந்தப் பெண்ணே போனில் கூப்பிட்டாள். இந்த வருடம் நிதியைக் குறைத்துவிட்டார்களாம். எல்லாத் திடல்களுக்கும் கொடுக்க முடியாதாம். எதை விடுவது என்று பார்க்கும்போது, விளையாட்டுக்கு இல்லாமல் தொழிலுக்குப் பயன்படுகிற இடங்களை முதலில் எடுத்துவிடச் சொல்லி மேலே இருந்து வந்திருக்கிறதாம். எங்கள் திடலின் படங்களைப் பார்த்தவர்கள் இது பட்டறை என்று சொல்லிவிட்டார்களாம். எனக்குப் பேச்சு வரவில்லை. என் பையனுக்கு இப்படித்தான் இருக்குமோ என்று அந்த நேரத்திலும் தோன்றியது.

ஆனால் அவள் ஒரு வழி சொன்னாள். இன்னொரு முறை பார்வைக்கு ஏற்பாடு செய்கிறேன், அதற்குள் நூல் வேலையை அங்கிருந்து எடுத்துவிடுங்கள் என்றாள். என்றைக்கு வருவார்கள் என்று மட்டும் அவளுக்கே தெரியவில்லை.

அன்று சாயங்காலம் தெருவில் கூட்டம் போட்டோம். எனக்காக யாரும் பேச வேண்டியிருக்கவில்லை, பையன் நடுவில் ஓடிக்கொண்டிருந்தான். முன்போல் தெருவிலேயே பாவு போட்டுக்கொள்கிறோம் என்று முதலில் சொன்னது எதிர்வீட்டு அண்ணன்தான். மற்றவர்கள் முகம் சுளித்தாலும் ஒப்புக்கொண்டார்கள். என் வீட்டுக்காரர் மட்டும் வீட்டுக்கு வந்து, இதெல்லாம் நடக்கிற காரியமா என்று முணுமுணுத்தார். நடக்கும் என்று நான் கத்தினேன். கத்தினால்தான் எனக்கே நம்பிக்கை வரும்போல் இருந்தது.

அதன்பிறகு ஒவ்வொரு காலையும் நெருப்பின்மேல் நிற்பதாகப் போயிற்று. இன்றைக்கு வருவார்களா, நாளைக்கா என்று வாசலுக்கும் திடலுக்கும் நடந்துகொண்டே இருந்தேன். ஜாக்கெட்டில் தைத்த கையைப் பிரித்துத் திரும்பத் தைத்தேன். பிள்ளைகளைக் காலையிலேயே திடலுக்கு விரட்டிவிட்டேன், போய் விளையாடுங்கள் என்று. பள்ளிக்கூடம் போகிற நேரத்தில் விளையாடச் சொல்கிற ஒரே பெண்பிள்ளை நான்தான். யாரும் வரவில்லை.

வந்தது ஒரு வேன். கோயிலுக்கு வந்த வெளியூர்க்காரர்கள் போன் காட்டிய வழியில் எங்கள் தெருவுக்குள் நுழைந்துவிட்டார்கள். எதிர்வீட்டு அண்ணனின் சிவப்புப் பாவு தெருவில் நீட்டியிருந்தது. கம்பெனிப் பெண் பார்வையிட வந்த நாளில் கஞ்சி சரியாக ஏறவில்லை என்று திரும்பப் போட்டிருந்தார். ஈரப் பாவைச் சட்டென்று தூக்க முடியாது. இரண்டு பேர் கையைக் காட்டி நிறுத்தினார்கள். டிரைவர் பொறுத்துப் பார்த்துவிட்டு ஓரமாகப் புகுந்துவிடலாம் என்று வண்டியை ஒடித்தார். சக்கரம் பாவைத் தாங்கி நின்ற முட்டுக் கழியைத் தட்டியது. பாவு தரையில் விழுந்தது, அதன்மேலேயே ஏறி, அடியில் சுற்றிக்கொண்டு கொஞ்ச தூரம் இழுபட்டது.

டிரைவர் நல்லவர்தான், இறங்கி வந்து கையெடுத்துக் கும்பிட்டார். வேனிலிருந்து இறங்கிய ஒரு அம்மா நூலைத் தொட்டுப் பார்த்து, இந்தக் கலர் எந்தக் கடையில் கிடைக்கும் என்று கேட்டார். எதிர்வீட்டு அண்ணி வாசற்படியில் உட்கார்ந்து அழுதார். அண்ணன் அறுந்த இழைகளைப் பிணைத்துவிட முடியுமா என்று குனிந்து பார்த்தார். அறுந்தது போதாதென்று கிரீஸ் வேறு ஏறியிருந்தது. பாவைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டார். எனக்காகத்தானே திடலை விட்டுக் கொடுத்தார்கள். அவர் வீட்டு வாசலைத் தாண்டிப் போகவே கூச்சமாக இருந்தது.

அந்த வாரத்திலேயே அந்தப் பெண் போன் செய்தாள். மறுபார்வை இல்லையாம். திட்டத்தையே நிறுத்திவிட்டார்களாம், எங்களுக்கு மட்டும் இல்லை, எல்லா ஊருக்கும். மன்னிச்சிடுங்க அக்கா என்றாள். ஆக, பாவை எடுத்ததும் வீண், தெருவில் போட்டதும் வீண், அந்தச் சிவப்பும் வீண். போனைத் தையல் மெஷின்மேல் வைத்துவிட்டுத் திடலுக்குப் போனேன். பையன் கம்பத்தைப் பிடித்து ஆடிக்கொண்டிருந்தான். நானும் இன்னொரு கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வாய்விட்டு அழுதேன், யாராவது பார்த்தால் பார்க்கட்டும் என்று.

மறுநாளே பாவுகள் திடலுக்குத் திரும்பிவிட்டன.

அதற்குப் பிறகு ஒரு சாயங்காலம் எதிர்வீட்டு அண்ணன் என் வாசலில் வந்து நின்றார். கையில் ஒரு கயிற்றுச் சுருள். சிவப்புக் கயிறு, இடையிடையே கிரீஸ் கறுப்பு. அந்தப் பாவையேதான் இரண்டு முனையிலும் ஆள் நின்று முறுக்கியிருக்கிறார்கள். என் வீட்டுக்காரரும் போய் முறுக்கியிருக்கிறார், என்னிடம் மூச்சு விடவில்லை. கடையில் நைலான் கயிறு கிடைக்காதா என்று நான்தான் உளறினேன். என்ன பேசுவதென்று தெரியாவிட்டால் இப்படித்தான் ஏதாவது பேசுவேன்.

"நைலான் கைய அறுக்கும்மா," என்றார் அவர். "இது அறுக்காது, அறாது. சத்தமும் வராது. கட்டிட்டுக் கூப்புட்றன், நீ உக்கார்ற துணிய தச்சுக் குடு."

இப்போது மாட்டக் கூடாது என்று சொல்ல யாரும் இல்லை. நிதி போனதில் கிடைத்த ஒரே லாபம் அது. ஜமுக்காளத்தை நாலாக மடித்து, ஓரத்தில் மூன்று தையல் ஓட்டி, பிள்ளையைச் சுற்றி எழும்புகிற மாதிரி ஒரு இருக்கை தைத்தேன். ஊசி இரண்டு ஒடிந்தது. கட்டி முடித்ததும் தாங்குமா என்று பார்க்க முதலில் என் வீட்டுக்காரர் உட்கார்ந்தார், அவர் மடியில் எதிர்வீட்டு அண்ணன் உட்கார்ந்தார். இரண்டு பேரும் சேர்ந்து ஆடியதைப் பார்த்துத் தெருவே சிரித்தது. அண்ணியும் சிரித்தார். வெகுநாளைக்குப் பிறகு அவர் முகத்தை நான் நேராகப் பார்த்தேன்.

பிறகு பையனை உட்கார வைத்தேன். ஜமுக்காளத்தை முகர்ந்தான். கயிற்றை நாக்கால் தொட்டான். நான் மெதுவாகத் தள்ளினேன். காதைப் பொத்திக்கொள்ளவில்லை. கொஞ்ச நேரத்தில் கண்ணை மூடிக்கொண்டான், உள்ளங்கை விரிந்து மேலே பார்த்துக் கிடந்தது. விழித்திருக்கும்போது அந்தக் கை விரிந்து நான் பார்த்ததே இல்லை. இருட்டும்வரை தள்ளினேன். இரண்டாம் தவணையில் வரவேண்டிய விளக்கும் வரவில்லை அல்லவா, இருட்டினால் வீட்டுக்கு வரத்தான் வேண்டும்.

இதனால் எல்லாம் தீர்ந்துவிட்டது என்று சொல்ல வரவில்லை. மற்றப் பிள்ளைகளுக்கும் அந்த ஊஞ்சல்தான் வேண்டும். முறை முடிந்து இறக்கினால் இவன் தெருக்கோடிவரை கேட்கிற மாதிரி கத்துவான். சில தாய்மார்கள் முணுமுணுக்கத்தான் செய்கிறார்கள். கீழே மணல் மெத்தை இல்லை, போன மாதம் ஒரு பெண்குழந்தைக்கு முட்டி பெயர்ந்தது. மழைக்காலத்தில் கயிறு என்ன ஆகும் என்று யாருக்கும் தெரியாது. நானும் ஒவ்வொரு அலுவலகமாக ஏறி இறங்கிக்கொண்டுதான் இருக்கிறேன். வேறு ஏதாவது கம்பெனி இருந்தால் சொல்லுங்கள் என்று ஜாக்கெட்டுக்கு அளவு கொடுக்க வருகிறவர்களையும் விடுவதில்லை.

காலையில் கம்பம் பாவுக்கு. ஊஞ்சலைக் கழற்றி எங்கள் வீட்டில் வைத்திருப்போம், பாவை எடுத்த பிறகு மாட்டுவோம். முதல் சில நாள் பையன் பாவைப் பார்த்ததும் திமிறினான். கம்பத்துக்கு ஓடப் பார்த்தான், நானும் என் வீட்டுக்காரரும் மாற்றி மாற்றிப் பிடித்தோம். பிறகு ஒருநாள் காலையில் நான் பால் அடுப்பைப் பார்க்கப் போய்விட்டுத் திரும்பினால் ஆளைக் காணோம். அடித்துப் பிடித்துக்கொண்டு ஓடினேன். மதில்மேல் மற்றப் பிள்ளைகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தான். சுருட்டிய ஊஞ்சல் மடியில் இருந்தது. உடம்பு முன்னும் பின்னும் ஆடிக்கொண்டுதான் இருந்தது, ஆனால் இறங்கவில்லை. எதிரே யாருடைய பாவோ மஞ்சளில் கிடந்தது.

போன வாரம் அந்தக் கம்பெனிப் பெண் மறுபடி கூப்பிட்டாள். வருடப் புத்தகம் போடுகிறார்களாம், இதுவரை செய்த திடல்களின் படங்கள் வேண்டுமாம். எங்கள் சறுக்குமரமும் கம்பமும் அவர்கள் கொடுத்ததுதானே, பிள்ளைகள் விளையாடுகிற மாதிரி ஒரு நல்ல படம் அனுப்புங்கள் அக்கா என்றாள். அவள்மேல் எனக்குக் கோபம் இல்லை. அவளுக்கும் மேலே யாரோ இருக்கிறார்கள்.

சாயங்காலம் எடுத்த படங்கள் என் போனில் நிறைய இருக்கின்றன. சிவப்புக் கயிற்றில் அவன் உயரப் போகிற படம் ஒன்று இருக்கிறது, முகம் கலங்கலாக, ஆனால் சிரிப்பு தெரிகிற மாதிரி. அதை யாருக்கும் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. மறுநாள் காலையில் திடலுக்குப் போய் ஒரு படம் எடுத்து அனுப்பினேன். கம்பத்தில் கட்டிய பாவு, கஞ்சிக் குவளையோடு என் வீட்டுக்காரர், பின்னால் மதில்மேல் பிள்ளைகள், நடுவில் மடியில் ஊஞ்சலோடு என் பையன்.

உடனே போன் வந்தது. "அக்கா, இதுல யாருமே விளையாடலையே," என்றாள்.

"ஆமாம்மா," என்றேன். "காத்துக்கினு இருக்கிறாங்க."

அதற்குள் எதிர்வீட்டு அண்ணன் பாவைச் சுருட்டத் தொடங்கியிருந்தார். கம்பத்திலிருந்து முனை அவிழ்ந்ததும் பையன் முதல் ஆளாக மதிலிலிருந்து குதித்தான். போனை வைத்துவிட்டு நான் கயிற்றைக் கட்டப் போனேன்.